கீழ் அறையில் யாரும் இருக்கக் கூடாது

அத்தியாயம் 17

கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் கண்ணாடிக்கடைப் பெண் பாத்ரூமில் மயங்கி விழுந்தபோது அவளை, அப்பா கதவை உடைத்து வெளியே இழுத்து வந்தார் அல்லவா? அந்த விஷயத்தை அவர் மகள் சின்னவளிடம் சொன்னதே இரண்டு மூன்று நாள் கழித்துத்தான். அதுவும் போனில், பேச்சோடு பேச்சாக.

“சாப்பிடாம கொள்ளாம வேலைக்கு ஓடினா இப்படித்தான். முகத்துல தண்ணி தெளிச்சேன், எழுந்து உட்கார்ந்துட்டா. சர்க்கரையை அள்ளிப் போட்டு ஒரு டீ கொடுத்தேன்.”

“அப்ப ஹீட்டர் ஓடிட்டிருந்துதா அப்பா?”

“குளிக்கப் போனவ ஹீட்டர் போடாம என்ன பண்ணுவா?”

“இனிமே அங்கே குளிக்க வேண்டாம்னு சொல்லுங்க. மாடியில வந்து குளிக்கட்டும்.”

“சரி சரி” என்றார் அப்பா. பிறகு மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பேசிக்கொண்டே போனார். சின்னவள் காதில் ஒன்றும் ஏறவில்லை.

அவள் வேலையே அதுதான். நகராட்சியில் வாடகை வீடுகளைச் சோதிக்கும் பிரிவில் இன்ஸ்பெக்டர். அறைக்குத் திறக்கிற ஜன்னல் ஒன்றாவது இருக்கிறதா, சுவரில் ஓதம் ஏறுகிறதா, ஒயர் கருகியிருக்கிறதா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, அடுப்பும் ஹீட்டரும் விடும் புகை வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் வீட்டை வாடகைக்கு விடலாம். இல்லாவிட்டால் நோட்டீஸ். ஊரில் பாதி வீட்டுக்காரர்களுக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

யார் யார் வீட்டுக் குளியலறைக்குள்ளேயோ தலையை நுழைத்துப் பார்த்தவள், சொந்த அப்பா வாடகைக்கு விட்டிருக்கும் கீழ் அறைக்குள் மட்டும் போனதில்லை. அது அம்மாவுக்காகக் கட்டிய அறை. அம்மா போன பிறகு அந்தப் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

அப்பா மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டால் அங்கே வந்து நிற்பது அவர் வழக்கம்.

“யாரு? ஆபீசரம்மாவா!” அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. “முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வா, வா, உள்ளே வா.”

கூடத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பழைய பேப்பர் குவிந்து கிடந்தது. அவசர அவசரமாக அதை அள்ளிக் கட்டில் மேல் போட்டார். நாற்காலியில் பேப்பர் இருந்த இடம் மட்டும் சதுரமாகப் புதுசு போல இருந்தது.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். முப்பது வருடம் அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தவருக்குத் தனிமை ஒரு பொருட்டா என்றுதான் பிள்ளைகள் இரண்டு பேரும் நினைத்தார்கள். மகன் வேலை கிடைத்த ஊரோடு போய்விட்டான். மகள் ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாட் பிடித்துக்கொண்டாள். ‘எனக்கென்ன, நான் பாட்டுக்கு இருக்கேன்’ என்று அப்பாவும் சொன்னார்.

அவர் பாட்டுக்கு இருக்கிற லட்சணம் இப்போது தெரிந்தது. மூச்சு விடாமல் பேசினார். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, குழாயில் தண்ணீர் நூலாக வருவது, தபால்காரர் மாறியது. பேசிக்கொண்டே டீ போட்டார். மூன்று டம்ளரில் ஊற்றினார்.

“மூணு யாருக்கு?”

“கண்ணாடிக்காரம்மா இன்னிக்குக் கடைக்குப் போகலை. தலைவலியாம்.”

சின்னவள் எழுந்துவிட்டாள். அப்போதுதான் அப்பா அவள் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். சோதனைக்குப் போகும்போது அவள் எடுத்துப்போகும் பை.

“என்னைப் பார்க்க லீவு போட்டியா, ஹீட்டரைப் பார்க்க லீவு போட்டியா?”

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. “ஹீட்டரைப் பார்க்கத்தான்பா.”

“போ. போய்ப் பாரு. அதுவாவது கூப்பிட்டா நீ வர்றியே.”

*

கண்ணாடிக்கடைப் பெண் போர்வையைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் பொருத்துகிற வேலை.

“நான் மாடி வீட்டுப் பொண்ணும்மா. உள்ளே வந்து பார்க்கலாமா? உனக்கு ஆட்சேபணை இல்லேன்னா.”

“வாங்க அக்கா. எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு.”

சின்னவள் அறையை மொத்தமாகப் பார்க்கவில்லை. வேலை பார்ப்பது போல ஒவ்வொன்றாகத்தான் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் அம்மா படுத்திருந்த இடம் கண்ணில் படாது.

பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை. இஸ்திரிப் பெட்டி மாட்டும் பிளக் பாயின்ட் பழுப்பாகக் கருகியிருந்தது. வெளியே போக ஒரே ஒரு கதவு. அறையின் ஜன்னல் கொஞ்சம் திறந்தது. குளியலறை ஜன்னலில் பலகை வைத்து, சுற்றிலும் ஆணி அடித்து, இடுக்கில் மெழுகைப் பூசி அடைத்திருந்தது. நல்ல சுத்தமான வேலை. காற்று புகாது.

அதற்கு நேர் எதிரே, ஷவருக்கு மேல், கேஸ் ஹீட்டர். புகை போக அதற்கு மேலே ஒரு குழாய் இருக்க வேண்டும். இல்லை.

பையிலிருந்து காற்றைச் சோதிக்கும் கருவியை எடுத்துத் தரையில் வைத்தாள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இரண்டு பேரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம்தான். உள்ளே கருவி வீறிட்டது.

சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய்க் குழாயை மூடினாள். வாசல் கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

“என்னக்கா அது?”

“விஷக் காற்று. வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூச்சு விடறோம்னு நினைச்சுக்கிட்டே மயங்கிடுவோம். எத்தனை நாளா தலைவலி?”

“மழை ஆரம்பிச்சதுலேர்ந்து. குளிச்சிட்டு வந்தா மண்டை வெடிக்கும். கடைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள சரியாயிடும். கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு, கடையிலயே ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள்.

“மாடியில குளின்னு அப்பா சொல்லலையா?”

“சொன்னார். கூச்சமா இருந்துச்சு. கதவைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டுக் குளிச்சேன்.”

“முதல்லயே ஜன்னலைத் திறந்து கொடுங்கன்னு கேட்டிருக்கலாமே?”

அந்தப் பெண் மாடியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“எப்படியும் போகப்போறோம், எதுக்குக் கேட்கணும்னு இருந்துட்டேன் அக்கா. என் ஃப்ரெண்டு இருக்கிற ஹாஸ்டல்ல போன மாசமே ஒரு கட்டில் காலியாச்சு. சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை. தினமும் நான் வர்ற நேரத்துக்குப் படியில வந்து நிக்கறார். ‘வந்தாச்சா?’ன்னு ஒரு வார்த்தை. வேற எதுவும் பேச மாட்டார். நான் போயிட்டா யாரைக் கேட்பார்? பாவமா இருந்துச்சு.”

பின்னால் டம்ளர் தட்டில் உரசும் சத்தம் கேட்டது. அப்பா படி முழுக்க இறங்கி வந்திருந்தார். முழங்கால் வலியோடு, டீ சிந்தாமல்.

“ஆறிடப் போகுது, குடி” என்று அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி ஏறினார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார்.

*

“நாளைக்கே ஹீட்டரைக் கழட்டிடறேன்” என்றார் அப்பா, அவள் மேலே வந்ததும். “ஜன்னல் பலகையையும் உடைச்சிடறேன். வேற என்ன?”

“நான் ஆபீசுக்குச் சொல்லணும்பா.”

“என்னது?”

“கீழ் அறை குடியிருக்கத் தகுதியில்லை. சரிபண்ணி, மறுபடி சோதிச்சு, எழுதிக் கொடுக்கற வரைக்கும் யாரும் இருக்கக் கூடாது. சொந்தக்காரங்க வீட்டை நான் பார்க்க முடியாது. வேற ஆளை அனுப்புவாங்க.”

“எனக்கு நோட்டீஸா? பெத்த பொண்ணே ஆளை அனுப்பி நோட்டீஸ் ஒட்டுவாளா?”

“எல்லா வீட்டுக்காரங்களும் இதைத்தான் சொல்றாங்க. ‘நாளைக்கே சரிபண்ணிடறேன் மேடம், ஆபீஸ் எதுக்கு?’ன்னு. யாரையும் நான் விட்டதில்லை.”

“அவங்களும் நானும் ஒண்ணா?”

அவள் பையிலிருந்து போனை எடுத்தாள்.

“வாடகைக்கு விட்டுத்தான் சாப்பிடணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?” என்றார் அப்பா. “பென்ஷன் வருது. கீழே இருட்டா கிடந்தது. ஒரு லைட்டாவது எரியட்டுமேன்னுதான் ஆளைத் தேடினேன். அந்தப் பொண்ணைக் கொல்லணும்னா?”

“அப்பா, நான் அப்படிச் சொல்லவே இல்லை.”

அவர் அதற்குள் மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துவிட்டார். “உன் தங்கச்சி என் வீட்டுக்கு சீல் வைக்க வந்திருக்கா. என்னன்னு கேளு.”

“ஏய் வாலு, ஊர்ல உனக்கு வேற வீடே கிடைக்கலையா?” அண்ணன் எங்கேயோ நடந்துகொண்டே பேசினான். “ஹீட்டரைக் கழட்டினா முடிஞ்சுது. அப்பாவைப் போய் ஏன் படுத்தறே?”

“அந்தப் பொண்ணு செத்திருப்பா அண்ணா.”

“சாகலையே.”

“அப்பா அன்னிக்கு மார்க்கெட் போயிருந்தா செத்திருப்பா. பாத்ரூமுக்குள்ளயே கேஸ் ஹீட்டர். புகை போக வழியே இல்லை. அந்தக் காற்றுல பத்து நிமிஷம் இருந்தா எழுந்திருக்க முடியாது.”

அண்ணனின் செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. “சரி, நான் அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான்.

சின்னவள் பால்கனிக்குப் போய் ஆபீஸ் நம்பரைத் தட்டினாள். அப்பா வீட்டு விலாசத்தைச் சொல்லும்போது இரண்டு தடவை தடுமாறியது.

*

மத்தியானம் வந்தவரை ஆபீசில் ‘மோப்பம்’ என்று கூப்பிடுவார்கள். அவர் எதிரிலேயே கூப்பிடுவார்கள். சுவரில் ஈரம் இருந்தால் வாசலிலேயே அவர் மூக்குச் சொல்லிவிடும். பருத்த உடம்பு, எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக். அன்றைக்கு ஜோக் எதையும் கொண்டுவரவில்லை.

“வணக்கம் ஐயா. சங்கடமான வேலைதான். சீக்கிரம் முடிச்சிடறேன்.”

அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் தள்ளி, கேட் ஓரமாக நின்றாள். அவள் இன்றைக்கு ஆபீசர் இல்லை, வீட்டுக்காரரின் மகள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

மோப்பம் சுவரைத் தட்டினார், பிளக்கைக் கழற்றினார், கருவியை வைத்துப் பார்த்தார். மறுபடியும் அது வீறிட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

வெளியே வந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “ஹீட்டரை மாட்டினது யாருங்க ஐயா?”

“நான்தான். மெஷின் வேலை எனக்குத் தெரியும்.”

“ஜன்னலை அடைச்சது?”

“அதுவும் நான்தான். குளிக்கும்போது சில்லுனு காத்து வருதுன்னு சொன்னா.”

“வாடகைக்கு இருக்கிற பொண்ணா?”

“இல்லை. என் வீட்டுக்காரி.”

மோப்பத்தின் பேனா நின்றது. “அவங்க...”

“இல்லை. போயிட்டா. இதயத்துல ஆபரேஷன் பண்ணியிருந்துது. மாடி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால இந்த ரூமைக் கட்டினேன். வெந்நீரைத் தூக்கக் கூடாதுன்னதால ஹீட்டர். ஆறு மாசம் கூட இருக்கலை. ஒரு நாள் குளிக்கப் போனவ...” அப்பா அங்கேயே நிறுத்திவிட்டார்.



குளிக்கப் போன அம்மா கதவைத் திறக்கவே இல்லை. ஆம்புலன்சிலேயே உயிர் போய்விட்டது. இதயம்தான் என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆன இதயம், கேள்வி கேட்க என்ன இருக்கிறது? யாரும் கேட்கவில்லை. காலையில் கருவி வீறிட்ட நொடியிலிருந்து சின்னவள் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டது இதைத்தான்.

மோப்பம் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, மற்றதை எழுதி முடித்தார். போகும்போது அப்பாவின் தோளை லேசாகத் தொட்டார். “ஐயா, இன்னிக்கு யாராவது கூட இருக்கட்டும்.”

கீழ்க் கதவில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. கண்ணாடிக்கடைப் பெண்ணின் சாமான் ஒரு சூட்கேஸ், ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியை அப்பாவே எடுத்துக்கொண்டு ஆட்டோ வரை போனார். நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சின்னவள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள்.

“அப்பப்போ வந்து பார்க்கறேன் சார்.”

“வரணும்னு தோணினா வா” என்றார் அப்பா. “பாவம்னு வராதே.”

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. ஏதோ சொல்ல வந்தாள். ஆட்டோ கிளம்பிவிட்டது.

*

பொழுது சாய்கிற நேரம். சின்னவள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டாள். வேண்டுமென்றேதான் விட்டாள். அப்பா அதைக் கேட்கவில்லை, வாங்கி வந்த ரொட்டியையும் தொடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேன் லிவரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை.

“உன்னை ஒண்ணு கேட்கறேன். வீட்டுக்காரன்கிட்ட பேசற மாதிரி பேசு. அப்பான்னு பார்க்காதே.”

“கேளுங்க.”

“உங்கம்மா போனது இதயத்தாலயா?”

எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். எத்தனை கத்தலுக்கு முன்னால் அசையாமல் நின்றிருக்கிறாள். இதற்கு மட்டும் ஒரு வாக்கியம் அமையவில்லை.

“தெரியலைப்பா.”

“உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

“அன்னிக்கே ரத்தத்தைச் சோதிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். இப்ப யாராலயும் சொல்ல முடியாது. இதயமாவும் இருக்கலாம்.”

“அதுவாவும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

அப்பா தலையை ஆட்டினார். அழுவார் என்று நினைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். எழுந்து போய் சமையலறை விளக்கைப் போட்டார், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றார், அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

“பெரியவனுக்கு இது தெரிய வேண்டாம்.”

“ஏன்பா?”

“முதல் சம்பளம் வாங்கினதும் என்ன வேணும்னு உங்கம்மாவைக் கேட்டான். அவ எப்பவும் போல ஒண்ணும் வேண்டாம்னா. நான்தான் இடையில புகுந்து, ஹீட்டர் வாங்கிக் கொடுடான்னேன்.” அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். “மாட்டினது நான். ஜன்னலை அடைச்சது நான். கேட்டதும் நான். அவன் காசு கொடுத்தான், அவ்வளவுதான். ஆனா அவன் அப்படி எடுத்துக்க மாட்டான். உனக்குத் தெரியுமே அவனை.”

தெரியும். அம்மா செத்த அன்றைக்கு ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று, இன்னும் அந்த ரயிலைத் திட்டிக்கொண்டிருப்பவன் அவன்.

“எனக்கு வயசாச்சு. நான் சுமந்துட்டுப் போறேன்” என்றார் அப்பா. “நீயும் வாயைத் திறக்காதே. இந்த ஒண்ணையாவது எனக்காகச் செய்.”

மேசை மேல் அவள் போன் அதிர்ந்தது. அண்ணன்.

அப்பா பார்த்துவிட்டார். “எடு. மழை, தூறல்னு எதையாவது பேசு.”

எடுத்தாள். “சொல்லு அண்ணா.”

அவன் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. நெடுநேரமாக அழுதவனின் மூச்சு.

“வாலு.” காலையில் பேசிய குரலாகவே இல்லை. “அந்த ஹீட்டர்... அது நான் வாங்கினதுதானே? மாத்தலையே?”

அப்பாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்தவர், நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அண்ணா, இப்ப உன் பக்கத்துல யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லை” என்றான். “நீ சொல்லு.”